பெயர் கேட்டு வந்தவன்

லோவாவின் குழந்தைக்கு ஏழு வாரம் ஆகியிருந்தது. பெயர் இன்னும் வெளியே வரவில்லை.

எங்கள் ஊரில் அப்படித்தான். போதகர் தலையில் தண்ணீர் விடும் நாள்வரை குழந்தையின் பெயர் அப்பா அம்மாவின் வாய்க்குள்ளேயே இருக்கும். யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் இல்லை. அதுவரை பையன் என்போம், பாப்பா என்போம், ஏதாவது பட்டப்பெயர் வைப்போம். இவனைப் பன்னு என்று கூப்பிட்டோம். கன்னம் இரண்டும் அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்தது போல இருக்கிறது என்று அவன் அப்பா தோரிர் வைத்த பெயர்.

ஞானஸ்நானத்துக்குப் பத்து நாள் இருந்தது. வியாழக்கிழமை லோவா போன் செய்தாள்.

“சனிக்கிழமை மழை கம்மிதானாம். மலைக்குப் போவோமா?”

“எந்த மலை?”

எந்த மலை என்று எனக்குத் தெரியும்.

“பசங்ககிட்ட சொன்னோமே சிக்னி. ஆறினதும் கூட்டிட்டுப் போறோம்னு.”

பசங்க என்று சொல்லிவிட்டாள்.

“எகில் கேட்டுக்கிட்டே இருக்கான்,” என்றாள். எகில் அவள் மூத்த பையன்.

“சரி,” என்றேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வசந்தத்தில் அந்த மலை பிளந்து தீக்குழம்பு வழிந்தது. ரெய்க்யவிக்கிலிருந்து காரில் ஐம்பது நிமிடம், பிறகு ஒன்றரை மணி நேர நடை. நாடே பார்க்கக் கிளம்பிப் போனது. நாங்களும் போனோம். நானும் என் கணவன் ஹாகோனும், லோவாவும் தோரிரும், பிள்ளைகளும். எகிலுக்கும் என் மகனுக்கும் அப்போது ஐந்து வயது. எகிலின் தங்கை ஊனாவுக்கு மூன்று, தோரிரின் முதுகுப்பையில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

தீக்குழம்பின் ஓரத்தில் ஆட்கள் நீளமான கம்பியில் சாஸேஜ் சுட்டார்கள். பையன்களும் கேட்டார்கள். என் மகனுடையது கம்பியிலிருந்து நழுவி விழுந்தது. ஒரு முறை சீறிவிட்டுக் காணாமல் போனது. அழப்போகிறான் என்று நினைத்தேன். அவன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

“மலை தின்னுடுச்சு.”

வீடு வந்து சேரும்வரை அதையேதான் சொன்னான். மலைக்கு இன்னும் பசிக்குமா, நாளைக்கு என்ன தின்னும், அதுக்குக் கடுகு பிடிக்குமா.

அந்த இலையுதிர்காலத்தில் அவன் நடக்கும்போது இடது பக்கம் சாய ஆரம்பித்தான். மூளையில் கட்டி. மார்ச்சில் போனான். ஆறு வயது, இரண்டு மாதம்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதமாக நான் அவன் பெயரை வாய்விட்டுச் சொல்லவில்லை. முடிவெடுத்துச் செய்ததில்லை. முதலில் முடியவில்லை. பிறகு பழகிவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து யாராவது பேசினால் ‘என் மகன்’ என்பேன். ஹாகோனும் என் முன்னால் சொல்வதை நிறுத்திவிட்டான். இப்போதும் எழுதத்தான் முடிகிறது. சோல்வி.

*

கார் நிறுத்துமிடத்தில் நான்கைந்து கார்தான் இருந்தன. காற்று இருந்தது. ஊனா காரை விட்டு இறங்கியதும் கேட்டாள்.

“இன்னும் எவ்வளவு தூரம்?”

“நீ இன்னும் ஒரு அடிகூட எடுத்து வைக்கல,” என்றான் தோரிர்.

“அதான் கேக்கறேன்.”

லோவா குழந்தையைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு, மேலே தோரிரின் கம்பளி ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். கழுத்துப் பக்கம் ஒரு சின்னத் தொப்பி மட்டும் தெரிந்தது.

“ஏழு வாரத்துல மலை ஏற வந்திருக்கியே, உனக்கு அறிவு இருக்கா?” என்றேன்.

“உனக்கு இருக்கா? நீயும்தான வந்திருக்க.”

பள்ளியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இருபத்தைந்து வருடமாக இப்படித்தான் பேசுகிறோம்.

எகில் முன்னால் ஓடினான். அவன் வளர்ந்திருந்தான். முன்பற்கள் இரண்டும் விழுந்து புதிதாக முளைத்திருந்தன, வாய்க்குப் பெரிதாக. என் மகனுக்குப் பல் விழ ஆரம்பிக்கவில்லை. எகிலைப் பார்க்கும்போதெல்லாம் என் மகன் இப்போது எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று எனக்கு அளவு தெரியும். அதனால் அவனை அதிகம் பார்ப்பதில்லை. அவன் அதைக் கவனித்திருப்பான் என்று நினைக்கிறேன்.

பாசி படிந்த சமவெளி முடிந்து மேடு வந்தது. தோரிர் மீட்புப் படையில் தொண்டன். மலை எரிந்த ஆறு மாதமும் வாரத்துக்கு மூன்று நாள் இங்கேதான் கிடந்தான்.

“இந்த மேட்டுல பதினோரு பேரைத் தூக்கிட்டு இறங்கியிருக்கேன். ஒருத்தன் ரப்பர் செருப்பு போட்டுட்டு வந்தான் தெரியுமா? வெறும் ரப்பர் செருப்பு.”

“அப்பா, இதை நீ பத்து தடவை சொல்லிட்ட,” என்றாள் ஊனா.

“போன தடவை ஒன்பது பேருன்னு சொன்ன,” என்றான் ஹாகோன்.

“கூடிக்கிட்டே போகுது,” என்றாள் லோவா. “பன்னு பள்ளிக்கூடம் போறதுக்குள்ள அம்பதாயிடும்.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அது எனக்கே தெரிந்தது.

மேட்டின் பாதியில் ஆண்கள் முன்னால் போய்விட்டார்கள். லோவா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

“சிக்னி. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

“அம்மா, ஒண்ணுக்கு வருது,” என்றாள் ஊனா.

“இப்பவா?”

“இப்பதான் வருது.”

மூன்று கால்சட்டைகளைக் கழற்ற வேண்டியிருந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஊனா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முடிந்ததும், “சிக்னி, நீ ரொம்ப நல்லாப் பிடிச்சுக்கற. அம்மா விட்டுடுவா,” என்றாள்.

“என்ன சொல்ல வந்த?” என்று லோவாவைக் கேட்டேன்.

“அப்புறம் சொல்றேன்.”

உச்சிக்குப் போனதும் ஹாகோன் திரும்பி லோவாவைப் பார்த்தான். லோவா மெல்லத் தலையை ஆட்டினாள். இல்லை என்று. அதை நான் பார்த்தேன். என்னவென்று யோசிக்கவில்லை. என் முகம் கடுகடுவென்று இருக்கிறதா என்று கேட்கிறான் போலிருக்கிறது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன்.

*

நாங்கள் அன்று உட்கார்ந்த பள்ளத்தாக்கு இப்போது இல்லை. கறுப்பாக நிரம்பிப் போயிருந்தது. முறுக்கிப் பிழிந்து போட்ட துணி போல கல் கிடந்தது. அதன்மேல் ஏறக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். ஓரத்தில் பாசிமேல் உட்கார்ந்தோம்.

எகில் கல்லைத் தொட்டுப் பார்த்தான். கன்னத்தை வைத்துப் பார்த்தான்.

“ஆறிப்போச்சு,” என்றான். குரல் இறங்கிவிட்டது.

“ஆறினதும்தான வரோம்னு சொன்னோம்?” என்றாள் லோவா.

“ஆமா. ஆனா இவ்வளவு ஆறும்னு நெனைக்கல.”

அவன் பையில் ஒரு பாக்கெட் சாஸேஜ் வைத்திருந்தான். நீளமான கம்பியும் கொண்டுவந்திருந்தான். தோரிர் சின்ன காஸ் அடுப்பை எடுத்து வைத்து, ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றினான்.

“வேக வெச்சுத் தின்னலாம்டா.”

“அது வீட்லயே பண்ணலாம்.”

“வீட்ல காத்து வராதே.”

புகைபோட்ட ஆட்டுக்கறி வைத்த தட்டை ரொட்டியைப் பிரித்தேன். ஹாகோன் ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றினான். கருவாட்டை வெண்ணெயில் தோய்த்து ஊனா தின்றாள். விரலையும் வெண்ணெயில் விட்டாள். எகில் என் பக்கத்தில் வந்து நின்றான். கையில் ஒரு பச்சைச் சாஸேஜ்.

“அவனோடது இங்கதான விழுந்துச்சு?”

அந்த இடம் இப்போது முப்பது மீட்டர் கல்லுக்கு அடியில்.

“கொஞ்சம் தள்ளி,” என்றேன்.

அவன் சாஸேஜைக் கல் இடுக்கில் செருகினான். உள்ளே போகும்வரை கட்டைவிரலால் தள்ளினான். பிறகு கடுகு டப்பாவை எடுத்து அதன்மேல் கொஞ்சம் பிதுக்கினான்.

அப்போதுகூட நான் சரியாகத்தான் இருந்தேன்.

பன்னு விழித்துக்கொண்டான். லோவா பால் கொடுத்து, துணியை விரித்துப் பாசிமேல் கிடத்தினாள். பாசி மெத்தை போல இருக்கும். காற்று படாமல் பைகளைச் சுற்றி வைத்தோம். கொஞ்ச நேரம் கை காலை ஆட்டினான், பிறகு அழுதான். ஊனா ஓடிப்போய் முட்டி போட்டு அவன் வயிற்றைத் தட்டினாள். பெரியவர்கள் தட்டுவது போல.

“அழாதடா. அழாத சோல்வி. அழாத.”

காபியைக் குடித்துக்கொண்டிருந்தேன். முதலில் அந்தப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது போலத்தான் காதில் விழுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். அவன் எங்கே என்று பார்த்தேன்.

“ஊனா!” என்று கத்தினான் எகில். “சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல! ஞாயித்துக்கிழமை வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு!”

ஊனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தோரிர் அடுப்பை அணைத்தான்.

“பசங்களா, வாங்க,” என்றான். “அந்தப் பக்கம் பெரிய பாறை ஒண்ணு இருக்கு. காட்டறேன்.”

“பாறைதான் எல்லாப் பக்கமும் இருக்கே,” என்றாள் ஊனா.

“இது வேற. வா.”

அவர்கள் போனார்கள். ஹாகோன் போகவில்லை. லோவா குழந்தையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மேட்டுல சொல்ல வந்தது இதுதான்,” என்றாள். “மூணு வாரமா சொல்லணும்னு இருந்தேன்.”

நான் காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“கனவுல வந்தான் சிக்னி.”

இதை வேறு யாருக்காவது விளக்க வேண்டியிருக்கலாம். எனக்கு வேண்டியதில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரியின் கனவில் செத்தவர் வந்து நின்றால், பெயர் கேட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம். லோவா பல் டாக்டர். பேய் பிசாசு எதையும் நம்பாதவள். ஆனால் இதில் நம்புவது நம்பாதது என்று இல்லை. வந்து கேட்டால் கொடுப்போம். கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள்.

“எப்ப?”

“ஏழாவது மாசம்.”

“எங்க வந்தான்?”

“எங்க வீட்டு வாசல்ல. கதவு தொறந்திருந்துது. கால்மிதி மேல நின்னான். உள்ள வரல.”

“என்ன போட்டிருந்தான்?”

“அந்தச் சிவப்பு பூட்ஸ்.”

“எப்படிப் போட்டிருந்தான்?”

லோவா என்னைப் பார்த்தாள்.

“இடது வலது மாத்தி,” என்றாள்.

அவன் எப்போதும் மாற்றித்தான் போடுவான். திருத்தினால் கோபம் வரும்.

“முடி இருந்துச்சா?”

“இருந்துச்சு. நெறைய. கண்ணுல விழுந்துச்சு.”

ஹாகோன் எழுந்து இரண்டடி தள்ளிப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

“என்ன சொன்னான்?”

“பூட்ஸைக் கழட்டட்டுமான்னு கேட்டான்.”

எங்கள் வீடுகளில் பூட்ஸைக் கழற்றினால் இருக்கப்போகிறோம் என்று பொருள். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஓட வேண்டுமென்றால் கழற்றாமல் கால்மிதியிலேயே நின்று கத்துவோம். அவன் லோவா வீட்டுக்குப் போனால் பாதி நாள் அப்படித்தான் நிற்பான். எகில் வரானா, பந்து எங்க, சீக்கிரம்.

“நீ என்ன சொன்ன?”

“கழட்டுன்னு சொன்னேன்.”

“கழட்டினானா?”

“குனிஞ்சான். அதுக்குள்ள முழிச்சிட்டேன்.”

காபி கையில் ஆறிவிட்டது. கீழே ஊற்றினேன்.

“என்னைப் பத்திக் கேட்டானா?”

“இல்ல.”

“அம்மா எங்கன்னு?”

“இல்லடி.”

பொய் சொல்லியிருக்கலாம். லோவாவுக்குப் பொய் வராது. பள்ளிக்கூடத்திலேயே வராது.

பதினான்கு மாதம். ஒரு முறைகூட என் கனவுக்கு அவன் வரவில்லை. அவன் தலையணையை மாற்றிப் பார்த்தேன். அவன் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன், மாத்திரையால்தான் கனவு வராமல் இருக்கிறதோ என்று. கனவில் பல் டாக்டரைப் பார்த்தேன், சம்பளக் கணக்கைப் பார்த்தேன், செத்துப்போன என் மாமாவைக்கூடப் பார்த்தேன். அவனைப் பார்க்கவில்லை. அவன் லோவா வீட்டு வாசலில் நின்றிருக்கிறான்.

“வேற பேர் வை,” என்றேன்.

லோவா குழந்தையின் தொப்பியைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

“சரி,” என்றாள்.

“அது அவன் பேரு.”

“சரி சிக்னி.”

“இவன் ஆறு வயசு தாண்டுவான். ஏழு வயசாகும், பல்லு விழும். மீசை வரும். அந்தப் பேரோட வரும். நான் எப்படிப் பாக்கறது?”

“அதான் சரின்னு சொல்லிட்டேனே.”

அவள் கை குழந்தையின் தலைமேல் அப்படியே இருந்தது. ‘கொடுக்காவிட்டால்’ என்பதை அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஹாகோன் திரும்பினான்.

“நான் சரின்னு சொல்லியிருந்தேன்,” என்றான்.

“என்ன?”

“மூணு வாரம் முன்னாடி. என்கிட்ட மொதல்ல கேட்டாங்க. நான் சரின்னு சொன்னேன். உன்கிட்ட நானே சொல்றேன்னு சொன்னேன். சொல்ல முடியல.”

எகிலுக்குத் தெரியும். ஊனாவுக்குத் தெரியும். இவனுக்கும் தெரியும்.

“யாரைக் கேட்டு சரின்னு சொன்ன?”

“அவன் எனக்கும்தான் மகன்.”

“அதைக் கேக்கல.”

“வீட்ல அந்தப் பேரே இல்ல சிக்னி. நீ சொல்றதில்ல. நான் கார்ல தனியாப் போறப்ப சொல்லிப் பாக்கறேன். சிக்னல்ல நிக்கறப்ப. பக்கத்துக் கார்க்காரன் பாக்கறான்.” அவன் மூக்கைத் துடைத்தான். “யாராவது சத்தமாக் கூப்பிடட்டுமேன்னு நெனச்சேன். சாப்பிட வாடான்னு. அவ்வளவுதான்.”

நான் ரொட்டியை மூடி வைத்தேன். பாதிகூடத் தீரவில்லை.

*

இறங்கும்போது மழை பிடித்தது. பெரிய மழை இல்லை. ஆனால் விழுந்த இடமெல்லாம் கறுப்புக் கல் புகைய ஆரம்பித்தது. சிறிது நேரத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் வெள்ளையாக எழுந்தது.

“ஆறல!” என்று கத்தினான் எகில். “உள்ள ஆறவே இல்ல! பாத்தீங்களா!”

“ஆறப் பத்து வருஷம் ஆகும்டா,” என்றான் தோரிர். “நட, வழுக்கும்.”

மேட்டில் கயிறு கட்டியிருந்த இடத்தில் ஊனா விழுந்தாள். முட்டி கிழிந்தது. தோரிரும் ஹாகோனும் மூட்டைகளோடு எகிலைக் கூட்டிக்கொண்டு கீழே போய்விட்டிருந்தார்கள். ஊனா அம்மாதான் தூக்க வேண்டும் என்று உருண்டாள். என்னிடம் வரமாட்டேன் என்றாள். தான் செய்தது அவளுக்குத் தெரிந்திருந்தது.

லோவா என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. மார்த்துணியை அவிழ்த்துக் குழந்தையை என்மேல் வைத்துக் கட்டினாள். முடிச்சு போடும்போது அவள் நெற்றி என் தோளில் ஒரு கணம் பட்டது. பிறகு ஊனாவைத் தூக்கிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கினாள்.

நான் பின்னால் இறங்கினேன். ஒரு கை கயிற்றில், ஒரு கை அவன் முதுகில். கையளவுதான் முதுகு. மழைக்கோட்டை இழுத்து அவன்மேல் மூடினேன். அவன் அழுதான்.

“பன்னு,” என்றேன். “பன்னு, பன்னு. வந்துட்டோம்.”

நிறுத்தவில்லை. காற்றில் லோவாவுக்குக் கேட்காது. அவள் இருபதடி கீழே போய்விட்டாள். யாரும் இல்லை.

“சோல்வி,” என்றேன்.

எனக்கே கேட்காத அளவுக்குத்தான் சொன்னேன். பிறகு இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக. பதினான்கு மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல் வாயில் எப்படி இருந்தது என்றால், பழையபடிதான் இருந்தது. நாக்கு மேலே போய்க் கீழே வந்தது. அவ்வளவுதான்.

அவன் அழுகையை நிறுத்தவில்லை. பசித்திருந்தான். ஆனால் நான் நிறுத்தவில்லை. கயிறு முடியும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். கால் வைக்கிறேன், சோல்வி. இங்க வழுக்குது, சோல்வி. இன்னும் கொஞ்சம்தான்.

கீழே லோவா கையை நீட்டினாள். அவிழ்த்துக் கொடுத்தேன். அவன் முகம் சிவந்து நனைந்திருந்தது. என் மழைக்கோட்டின் உள்பக்கமும் நனைந்திருந்தது.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெயரையே வை என்று. மூன்று சொல்.

கார்வரை நடந்ததில் சொல்லலாம் என்று நினைத்தேன். காரில் ஏறியதும் போன் செய்யலாம் என்று நினைத்தேன். ஹாகோன் ஓட்டினான். வைப்பர் ஓடியது. திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். புதன்கிழமை அவள் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். வேண்டாம் என்று நினைத்ததில்லை. வேறு பெயர் வை என்று ஒருமுறை சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. அதோடு வேறொன்றும் இருந்தது. அவன் ஒரு நாள் என் கனவுக்கும் வந்து நேராகக் கேட்பான், கேட்டால் கொடுத்துவிடலாம் என்று அந்த வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

*

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இருபது பேர் இருந்தோம். நானும் ஹாகோனும் இரண்டாவது வரிசை. குழந்தைக்கு நீளமான வெள்ளை அங்கி. லோவாவின் அப்பாவுக்குப் போட்டது, எகிலுக்குப் போட்டது. எகில் தலையை வாரியிருந்தான். ஊனாவின் முட்டியில் பிளாஸ்திரி இருந்தது.

போதகர் புதிதாக வந்த பெண். குனிந்து சிரித்துக்கொண்டே கேட்டார்.

“குழந்தையின் பெயர் என்ன?”

அந்த நேரத்தில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்வார்கள். முதல் முறையாகப் பெயர் வெளியே வரும் நேரம் அது.

லோவா உடனே சொல்லவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். தோரிர் தரையைப் பார்த்தான். ஹாகோனின் கை என் முழங்கையில் வந்து நின்றது. பிடிக்கவில்லை. வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தது.

அவள் நிறைய நேரம் கொடுத்தாள். போதகர் மறுபடி கேட்கலாமா என்று தலையைச் சாய்க்கும் அளவுக்கு. தலையை ஆட்டினால் போதும். அதுகூட வேண்டாம், கண்ணை மூடித் திறந்தால் போதும், லோவாவுக்குப் புரிந்திருக்கும்.

நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

“ஹ்லீனுர்,” என்றாள் லோவா.

மூச்சு விடும் சத்தம் கேட்டது. நல்ல பெயர் என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். அது மரத்தின் பெயர். நல்ல பெயர்தான்.

“அது இல்ல,” என்றாள் ஊனா.

தேவாலயம் முழுக்கக் கேட்டது.

“அம்மா. அது இல்ல. அவன் பேரு அது இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். குழந்தைகள் இப்படி ஏதாவது சொல்வார்கள், அதற்குச் சிரிப்பது போலச் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார். எகில் அவளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு காதில் ஏதோ சொன்னான். தண்ணீர் மூன்று முறை விழுந்தது. குழந்தை அழவில்லை.

*

அக்டோபரில் லோவா வீட்டுக்குப் போயிருந்தேன். ஹ்லீனுர் உட்கார்கிறான், தவழப் பார்க்கிறான். நன்றாக இருக்கிறான். சளிகூடப் பிடிக்கவில்லை. அதை ஒவ்வொரு முறையும் நான் முதலில் கேட்டுவிடுகிறேன்.

கிளம்பும்போது வாசலில் உட்கார்ந்து பூட்ஸைப் போட்டேன். சுவரோரம் அவர்களுடைய பூட்ஸ் வரிசையாக இருந்தன. தோரிருடையது, லோவாவுடையது, எகிலுடையது, ஊனாவுடையது. அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருந்தது. லோவா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மறுபடி வந்தானா?” என்று கேட்டேன்.

யார் என்று அவள் கேட்கவில்லை.

“இல்ல,” என்றாள்.

ஒரு பூட்ஸைப் போட்டிருந்தேன். இன்னொன்று கையில் இருந்தது. கால்மிதி ஈரமாக இருந்தது.